மிட்வைஃப் மீதான விசாரணை: நீங்களும் போய் உட்காரலாம்

பிரசவத்தின்போது ஏதோ தவறு நடந்துவிட்டது. புகார் கொடுத்து நெடுநாள் கழித்து, அந்த மிட்வைஃப் மீது விசாரணை நடக்கப்போவதாகத் தகவல் வருகிறது. "அங்கே எங்களையும் உள்ளே விடுவார்களா?" என்று பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தயங்கித் தயங்கிக் கேட்கின்றன. விடுவார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் மட்டுமல்ல, அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரும் போகலாம். கட்டணம் கிடையாது. ஏன் வருகிறீர்கள் என்று விளக்கம் சொல்லவும் வேண்டாம். மூடப்படுவதற்குத் தனிக் காரணம் இல்லாதவரை விசாரணை பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்த உரிமையைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஆயத்தமில்லாமல் போய், எதிர்பார்த்தது கிடைக்காமல் மனம் உடைந்து திரும்புகிறார்கள். போவதற்கு முன்பு என்ன செய்ய வேண்டும், உள்ளே என்ன நடக்கும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசாரிப்பது யார்?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் சேர்த்து நர்ஸ், மிட்வைஃப் பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்பு நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். சுருக்கமாக என்எம்சி. 2002 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய இதன் பதிவேட்டில் இன்று 8 லட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் எவரும் பிரித்தானியாவில் மிட்வைஃபாகப் பணிபுரிய முடியாது. பெயரைச் சேர்க்கும் அமைப்பிடமே நீக்கும் அதிகாரமும் இருக்கிறது.

ஆனால் முடிவெடுப்பது என்எம்சி அதிகாரிகள் அல்ல. குறைந்தது மூவர் கொண்ட தனிக் குழு விசாரிக்கிறது. அதில் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இருப்பார். தொழிலுக்கு வெளியே இருந்து வந்த பொதுமக்களில் ஒருவரும் இருப்பார். பக்கத்தில் சட்ட ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சட்டத்தை எடுத்துச் சொல்வாரே தவிர, தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை.

நம் அனுபவம் டாக்டரோடு என்றால் போகவேண்டிய இடம் வேறு. டாக்டர்கள் மீதான விசாரணையை மான்செஸ்டரில் உள்ள மருத்துவர் தீர்ப்பாயம் 2012 முதல் நடத்திவருகிறது. பாராமெடிக், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்கு ஹெச்சிபிசி, பல் மருத்துவர்களுக்கு ஜிடிசி. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றே: பொது விசாரணைதான் வழக்கம், மூடிய விசாரணை விதிவிலக்கு. இருந்தாலும் சிறு வேறுபாடுகள் உண்டு. உதாரணமாக, முழு விசாரணைக்கு முன்பு டாக்டர்மீது தற்காலிகத் தடை போடலாமா என்று பார்க்கும் அமர்வு மூடிய அறையில்தான் நடக்கும். எந்த அமைப்பு, எந்த வகை அமர்வு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

கதவு ஏன் திறந்திருக்க வேண்டும்?

வடமேற்கு இங்கிலாந்தின் ஃபர்னெஸ் பொது மருத்துவமனையில் 2004 முதல் 2013 வரை நடந்த பிரசவங்களை டாக்டர் பில் கிர்க்அப் தலைமையிலான குழு ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. வேறுவிதமான மருத்துவக் கவனிப்பு கிடைத்திருந்தால் 11 குழந்தைகளும் ஒரு தாயும் பிழைத்திருக்கக் கூடும் என்று அது சொன்னது. அங்கே பணிபுரிந்த மிட்வைஃப்கள் பற்றிய புகார்களை என்எம்சி எப்படிக் கையாண்டது என்பதை, அதைக் கண்காணிக்கும் புரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி 2018இல் தனியாக ஆராய்ந்தது. ஆண்டுக்கணக்கான தாமதம், குடும்பங்கள் கொடுத்த ஆதாரத்தைச் சரியாகக் கையாளாதது, அவர்களை மரியாதையாக நடத்தாதது என்று அந்த அறிக்கை கடுமையான குறைகளை அடுக்கியது.

இந்த உண்மைகள் தாமாக வெளியே வரவில்லை. பெற்றோர் விடாமல் கேட்டார்கள், கேட்டதை எழுதிவைத்தார்கள், பதில் வராதபோது மறுபடியும் கேட்டார்கள். விசாரணை அறையில் பொதுமக்களுக்குப் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளின் பயன் இதுதான். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் குழு தன் முடிவுக்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வழக்கை நடத்துபவரும் ஒழுங்காகத் தயாராகி வரவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநியாயம் நடந்தாலும் அது பலர் கண்ணில் படும்.

போவதற்கு முன் செய்யவேண்டியவை

முதல் வேலை, விசாரணைப் பட்டியலைப் பார்ப்பது. என்எம்சி தன் இணையதளத்தில் வரவிருக்கும் விசாரணைகளை வெளியிடுகிறது. நடைபெறுவது 'ஹியரிங்'தானா, 'மீட்டிங்'கா என்று கவனியுங்கள். ஹியரிங் என்றால் சாட்சி, வாதம் எல்லாம் உண்டு, நீங்களும் போகலாம். மீட்டிங் என்றால் குழு கோப்புகளை மட்டும் படித்து மூடிய அறையில் முடிவெடுக்கும். அதற்குப் போக முடியாது, முடிவை மட்டும் பிறகு படிக்கலாம்.

இரண்டாவது, வருவதாக முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். லண்டனில் விசாரணை நடக்கும் இடம் ஸ்ட்ராட்ஃபோர்டு. ஈஸ்ட் ஹாம் தமிழர்களுக்குப் பக்கம்தான். எடின்பரோவிலும் விசாரணை அறைகள் உண்டு. 2020இல் கோவிட் வந்த பிறகு பல விசாரணைகள் இணையவழிக்கு மாறின, இன்றும் அப்படி நிறைய நடக்கின்றன. இணையவழி என்றால் பார்வையாளருக்குத் தனி இணைப்பு அனுப்புவார்கள். அது உங்களுக்கு மட்டும் தரப்பட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

மூன்றாவது, குற்றச்சாட்டுகளின் நகலைக் கேட்டுப் பெற்று வீட்டிலேயே படியுங்கள். அது தெரியாமல் உள்ளே போனால் பாதி வாதம் புரியாது.

நான்காவது, எந்த நாளில் போவது என்று யோசியுங்கள். ஒரு விசாரணை பல நாள் நீளும். எல்லா நாளும் லீவு போட முடியாதவர்கள், குற்றச்சாட்டு வாசிக்கப்படும் முதல் நாளையும் அந்த மிட்வைஃப் வாக்குமூலம் கொடுக்கும் நாளையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முறையாகத் தகவல் கொடுத்தும் வராவிட்டால், அவர் இல்லாமலேயே தொடரக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. கிளம்பும் நாள் காலையிலும் விசாரணை நடக்கிறதா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தள்ளிவைப்பது உண்டு.

குற்றச்சாட்டை எப்படிப் படிப்பது?

குற்றச்சாட்டு எண் போட்ட வாக்கியங்களாக வரும். நான் எழுதிக்காட்டும் ஒரு மாதிரியைப் பாருங்கள்:

"பதிவு பெற்ற மிட்வைஃபாகிய நீங்கள், நோயாளி ஏ-யின் பிரசவத்தின்போது:
1. குழந்தையின் இதயத் துடிப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கத் தவறினீர்கள்.
2. துடிப்பு குறைந்த பிறகும் டாக்டரை அழைக்கத் தவறினீர்கள்.
3. துடிப்பைக் கேட்டதாகப் பின்னர் நோயாளியின் பதிவேட்டில் எழுதினீர்கள்.
4. கேட்கவில்லை என்று தெரிந்தே அப்படி எழுதியதால், எண் 3இல் உள்ள உங்கள் செயல் நேர்மையற்றது."

முதலாவது, தரநிலை பற்றியது. சிக்கல் இல்லாத பிரசவத்தில், வலி கூடிக் கருப்பை வாய் விரியும் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், தாய் முக்கிப் பிள்ளையைத் தள்ளும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் இதயத் துடிப்பைக் கேட்கவேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் விசாரணையில் நேரக் கணக்கு மிக முக்கியம். "2.10க்குக் கேட்டீர்கள். அடுத்து 2.50க்கு எழுதியிருக்கிறீர்கள். இடையில் என்ன செய்தீர்கள்?" என்ற ரீதியில்தான் கேள்விகள் போகும். நோயாளியின் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்துவைத்துக் கேட்பார்கள்.

குடும்பத்தின் கண்ணுக்கு எண் 2தான் பெரிதாகத் தெரியும், அதனால்தானே குழந்தைக்குப் பாதிப்பு வந்தது. ஆனால் குழுவுக்குப் பெரும்பாலும் எண் 4 மிகக் கனமானது. கவனக்குறைவைப் பயிற்சியாலும் மேற்பார்வையாலும் திருத்த வழி உண்டு. நடக்காததை நடந்ததாக எழுதும் மனத்தைத் திருத்துவது அவ்வளவு சுலபமல்ல. பெயர் நீக்கம் வரை போகும் வழக்குகளில் நேர்மைக்கேடு அடிக்கடி இடம்பெறுவது இதனால்தான்.

அறைக்குள் எப்படி நடந்துகொள்வது?

நீதிமன்றத்தைப் போல உயரமான மேடையையோ கறுப்பு அங்கியையோ எதிர்பார்க்காதீர்கள். சாதாரண அலுவலக அறைதான். குழு ஒரு பக்கம், வழக்கை நடத்துபவரும் மிட்வைஃபின் வழக்கறிஞரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ இன்னொரு பக்கம், சாட்சிக்குத் தனி மேசை. பார்வையாளர்கள் தள்ளி உட்காருவார்கள்.

குறிப்பு எடுக்கலாம். ஒலிப்பதிவு, வீடியோ, புகைப்படம் கூடாது. இணையவழியில் ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது, கேமராவும் மைக்கும் அணைந்தே இருக்கவேண்டும். பேசவோ கேள்வி கேட்கவோ பார்வையாளருக்கு உரிமை இல்லை. சாட்சி பேசும்போது தலையாட்டுவது, பெருமூச்சு விடுவது, பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தமிழில் கிசுகிசுத்து விளக்குவது எல்லாமே இடையூறுதான். பார்வையாளருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த ஒருவர் குறிப்பெடுத்து, இடைவேளையில் வெளியே வந்து மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது.

கதவு எப்போது மூடும்?

நடுவில் திடீரென்று உங்களை வெளியே போகச் சொன்னால் பதற வேண்டாம். எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். மிட்வைஃபின் உடல்நலம், மனநலம் பற்றிய பகுதி பொதுவாக மூடிய அறையில்தான் நடக்கும். தாயின் அந்தரங்க மருத்துவ விவரம், மூன்றாம் நபர் ஒருவரின் குடும்ப விஷயம் போன்றவை வந்தாலும் மூடலாம். ஆனால் இஷ்டத்துக்கு மூட முடியாது. வெளிப்படையாக நடத்துவதால் வரும் பொதுநன்மையையும் மீறி, மூடுவதற்கு நியாயமான தேவை இருக்கிறதா என்று குழு எடைபோட வேண்டும். பெரும்பாலும் அந்தப் பகுதிக்கு மட்டும் மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள். மூடிய அறையில் சொன்னவை, பொதுமக்களுக்கு வெளியிடும் தீர்ப்பு நகலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும்.

தாயின் பெயர் எங்கும் வராது. 'நோயாளி ஏ' என்றே குறிப்பிடுவார்கள். இது அவருக்கான பாதுகாப்பு.

நீங்களே சாட்சியா?

அப்படியானால் ஒரு விதியை மறக்காதீர்கள்: உங்கள் சாட்சியம் முடியும்வரை மற்றவர்களின் சாட்சியத்தைக் கேட்கக் கூடாது. வீட்டில் யார் சாட்சி, யார் பார்வையாளர் என்று முன்னதாகவே பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்த அண்ணன், இன்னும் சாட்சி சொல்லாத தங்கைக்கு மதிய இடைவேளையில் "இப்படிக் கேட்டார்கள், இப்படிச் சொல்" என்று சொல்லிக்கொடுத்தால் அவருடைய சாட்சியத்தின் மதிப்பே போய்விடும். உங்கள் வழக்கு பலவீனமாகும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் வழக்கு அதிகாரியிடம் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள். இலங்கைத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்றும் சொல்லுங்கள், பிரசவம் பற்றிய பேச்சுச் சொற்கள் மாறுபடும். நேருக்கு நேர் பார்க்க அச்சமாக இருந்தால் திரை மறைவிலிருந்தோ வீடியோ வழியாகவோ சாட்சி சொல்லக் கேட்கலாம். சத்தியம் செய்ய உங்கள் சமயநூலைக் கேட்கலாம், சமயச் சார்பில்லாத உறுதிமொழியும் எடுக்கலாம். குடும்பங்களுக்கும் சாட்சிகளுக்கும் துணைநிற்க என்எம்சியில் தனிப் பிரிவே இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

தீர்ப்பு: ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

குழு மூன்று படியாக முடிவெடுக்கும். முதலில், குற்றச்சாட்டு உண்மையா? குற்றவியல் நீதிமன்றத்தில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். இரண்டாவது, இன்றைய நிலையில் இவர் பணிக்குத் தகுதியானவரா? மூன்றாவது, இல்லையென்றால் என்ன நடவடிக்கை?

குடும்பங்கள் தடுமாறுவது இரண்டாம் படியில்தான். தவறு நடந்தது உண்மை என்று குழுவே சொன்ன பிறகும், "இன்று இவர் பாதுகாப்பாகப் பணிபுரியக்கூடியவர்" என்று முடிவு வரலாம். தவறை ஒப்புக்கொண்டு, அது தாய்க்கு என்ன செய்தது என்பதை உணர்ந்து, பயிற்சி பெற்று, ஆண்டுக்கணக்கில் குறையில்லாமல் வேலை செய்திருந்தால் அது அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். இந்த விசாரணையின் நோக்கம் பழைய தவறுக்குத் தண்டிப்பது அல்ல. அடுத்த தாயைப் பாதுகாப்பது, தொழிலின் தரத்தையும் அதன்மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் காப்பது. உங்கள் இழப்பின் அளவுக்கு ஏற்ற தண்டனை கிடைக்கும் என்று எண்ணிப் போனால், கையில் வெறுமையோடுதான் திரும்புவீர்கள்.

தகுதி குறைவு என்று முடிவானால் நான்கு வகை உத்தரவுகள் வரலாம். 1 முதல் 5 ஆண்டு வரை பதிவில் நிற்கும் எச்சரிக்கை, 3 ஆண்டு வரை நிபந்தனைகளோடு பணி, 12 மாதம் வரை இடைநிறுத்தம், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். பெயர் நீக்கப்பட்டவர் மீண்டும் சேர விண்ணப்பிக்கவே 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முடிவில் உடன்பாடு இல்லாவிட்டால் மிட்வைஃப் 28 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குடும்பத்துக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் மேலே சொன்ன புரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி இறுதித் தீர்ப்புகளைப் பார்வையிடுகிறது. பொதுமக்களைப் பாதுகாக்க முடிவு போதாது என்று கருதினால் அதுவே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நாள் கணக்கு குறைவு என்பதால், உங்கள் கருத்தைக் காரணங்களோடு உடனே அவர்களுக்கு எழுதுங்கள்.

இன்னொன்று: இந்த விசாரணையில் இழப்பீடு கிடைக்காது. அதற்கு வழக்கறிஞர் மூலம் தனி வழக்குப் போடவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவான காலவரம்பு 3 ஆண்டு. குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பு என்றால் பொதுவாகக் குழந்தைக்கு 18 வயதாகி அதன்பின் 3 ஆண்டு. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். அவ்விரு இடங்களிலும் மருத்துவமனையிடம் நேரடிப் புகார் கொடுக்க 12 மாதம்தான் வழக்கமான அவகாசம்.

மறுபக்கத்தில் இருக்கும் நம்மவருக்கு

நம் சமூகத்தில் நர்ஸுகளும் மிட்வைஃப்களும் நிறைய இருக்கிறார்கள். உங்கள்மீது விசாரணை வந்தால், திறந்த கதவு என்ற எண்ணமே தூக்கத்தைக் கெடுக்கும். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். வந்த அன்றே தொழிற்சங்கத்திடம் சொல்லுங்கள். பதில் எழுதாமல், விசாரணைக்கும் போகாமல் இருந்தால், தவறை உணர்ந்தீர்களா என்று குழுவுக்குத் தெரிய வழியே இல்லை. உங்கள் உடல்நிலை, மனநிலை பற்றிய பகுதியை மூடிய அறையில் நடத்த முன்கூட்டியே கேளுங்கள்.

நசீர் அஃப்சல் தலைமையில் 2024இல் வெளிவந்த தனி ஆய்வு, என்எம்சிக்குள்ளேயே இனப் பாகுபாடும் வழக்குத் தேக்கமும் இருப்பதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. நீண்டு கிடக்கும் விசாரணை மனிதரை உடைத்துவிடும். தனியாகச் சுமக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரைப் பார்வையாளராக அழைத்துப் போங்கள். திறந்த கதவு வழியாக உங்கள் ஆளும் உள்ளே வரலாம்.

வெளியே வந்த பிறகு

தீர்ப்பும் அதன் காரணங்களும் பொதுவாக என்எம்சி இணையதளத்தில் வெளியாகும். உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் படியுங்கள். எந்த மிட்வைஃபின் பதிவு நிலையையும் பெயரைக்கொண்டு எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நம் சமூகம் சிறியது. கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், திருமண மண்டபத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். 'நோயாளி ஏ' இன்னாருடைய மகள்தான் என்று ஒருவர் ஊகித்துச் சொன்னால், சட்டம் கொடுத்த பாதுகாப்பு ஒரே மாலையில் போய்விடும். வெளியான தீர்ப்பில் இருப்பதைப் பேசுங்கள். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை நிரூபணமானது போலப் பரப்பாதீர்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கும், பெயர் கெட்டு நிற்கும் மிட்வைஃபுக்கும் அதே ஊரில்தான் நாளையும் வாழவேண்டியிருக்கிறது.

உங்கள் குடும்பத்தில் எந்த வழக்கும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் நேரம் ஒதுக்கி ஒரு விசாரணையைக் கேளுங்கள். பிரசவப் பதிவேட்டில் எதை எழுதவேண்டும், எப்போது டாக்டரை அழைக்கச் சொல்லி வற்புறுத்தலாம், புகார் எப்படி எழுதினால் நிற்கும் என்பதெல்லாம் அங்கே கேட்டாலே புரிந்துவிடும். சட்டம் உங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. தயவுசெய்து போய் உட்காருங்கள்.